பத்து விரலுக்குள் ஒரு நாடகக் கொட்டகை
(ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் சொற்பொழிவாளன் என்பவன் பிள்ளைகளுக்கும் பரிசுக்கும் நடுவில் நிற்கிற ஆள். அது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர் எப்போது தாளை மடிப்பார் என்று பார்த்துக் கொண்டிருந்தவன்தான். இசையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இசையைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எந்த இசை என்று சொல்லவில்லை. அவர்கள் செய்த பிழை அதுதான்.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 2019-ஆம் ஆண்டில் சென்னைப் பையன் ஒருவன், லிடியன் நாதஸ்வரம் என்று பெயர், பதின்மூன்று வயது, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றான். கைத்தொலைபேசி இருக்கும் தமிழர் வீடெல்லாம் அதைப் பார்த்தது. முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகம், பிறகு அதே பாட்டை 325 தட்டு வேகம். விரல் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை வென்றது போல எல்லோரும் மகிழ்ந்தோம்.

ஆனால் அந்தப் பாட்டு எது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அது ஒரு வண்டு பறக்கிற பாட்டு. ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்ற ரஷ்யர் எழுதி, 1900-இல் மாஸ்கோவில் மேடையேறிய ஓர் இசை நாடகத்தில் வருவது. தாயோடு பீப்பாயில் அடைக்கப்பட்டுக் கடலில் விடப்பட்ட இளவரசன் ஒருவன், அன்னப்பறவை ஒன்றின் மாயத்தால் வண்டாக மாறிப் பறந்துபோய், தாய்க்குத் துரோகம் செய்தவர்களைக் கொட்டிவிட்டு வருகிறான். நாடகத்தில் அது முழு வாத்தியக் குழுவுக்கு எழுதியது. பின்னால் வந்தவர்கள் அதைப் பியானோவுக்கு மாற்றினார்கள். ஆக, அந்தப் பையன் வாசித்தது வெறும் வேகம் இல்லை. ஒரு நாடகக் காட்சி. ஒரு மகனுடைய கோபம்.

இப்படி நாடகத்தைத் தூக்கிவந்து பியானோவுக்குள் இறக்குகிற வித்தையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஓபரா என்றால் பயப்பட வேண்டாம். வசனத்தைக் குறைத்து, அழுகையையும் சண்டையையும் காதலையும் பாட்டாகவே பாடுகிற நாடகம் அது. ‘வள்ளி திருமணம்’ பார்த்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1830களில் ஐரோப்பாவில் ஓபரா என்றால் நம் ஊரில் சினிமா மாதிரி. தெருவில் போகிறவன் வாயிலும் அந்த மெட்டுத்தான். ஆனால் மிலானிலோ பாரிசிலோ இல்லாதவன் என்ன செய்வான்? இசைத்தட்டு இல்லை, ஒலியைப் பதிந்து திருப்பிக் கேட்கும் கருவியை எடிசன் செய்தது 1877-இல்தான். பாட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் யாராவது வாசித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த வேலையைத் தலைமேல் எடுத்துக் கொண்டவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1811-இல் ஹங்கேரியில் பிறந்தவர். 1839 முதல் 1847 வரை ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகச் சுற்றினார். பல ஊர்களில் ஒரு முழு ஓபராவின் சாரத்தையும் கால் மணி நேரத்தில் ஒரே பியானோவில் கொட்டிக் காட்டினார். இதற்கு அவர் வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. ‘நினைவுகள்’ என்றார். ‘டான் ஜுவானின் நினைவுகள்’, ‘நோர்மாவின் நினைவுகள்’. இரண்டுமே 1841-இல் பிறந்தவை.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இவர்களுடைய திறமை உங்களுக்கு வெறும் சர்க்கஸாகத்தான் தெரியும். பாடுகிறவளுக்கு மூச்சு இருக்கிறது. ஒரு சுரத்தைப் பிடித்தால் நீட்டலாம், பெருக்கலாம், வழுக்கி அடுத்த சுரத்துக்குப் போகலாம். பியானோவில் என்ன நடக்கிறது? ஒரு சின்னச் சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணமே ஒலி சாகத் தொடங்கிவிடுகிறது. சாகிற ஒலியை வைத்துக்கொண்டு பாடுகிற குரலைக் காட்ட வேண்டும்! அதற்காகத்தான் அத்தனை ஓட்டமும் அலையும் நடுக்கமும். ஒரு சுரம் அணைவதற்குள் சுற்றிலும் இருபது சுரம் எழுப்பி அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். கருவியும் கைகொடுத்தது. பாரிசில் எரார் என்பவர் 1821-இல் செய்த அமைப்பில், அழுத்திய கட்டை முழுவதும் மேலே வருவதற்கு முன்பே மறுபடி தட்டலாம். அந்த வசதி இல்லாவிட்டால் பாதி வித்தை நடந்திருக்காது.

லிஸ்டுக்குப் போட்டியாக தால்பெர்க் என்று ஒருவர் வந்தார். அவருடைய தந்திரம் வேறு. பாட்டை இரண்டு கட்டை விரல்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து நடுவில் ஓடவிடுவார். மற்ற விரல்கள் மேலும் கீழும் அலையடிக்கும். மூன்றாவது கை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று ஜனங்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்களாம். 1837 மார்ச் 31-ஆம் தேதி பாரிசில் பெல்ஜோயோசோ சீமாட்டி தன் மாளிகையில் இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினார். இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்டத்தான். நுழைவுச்சீட்டு 40 பிராங்க். தால்பெர்க் ரோசினியின் ‘மோசே’ ஓபராவிலிருந்து வாசித்தார். லிஸ்ட் பாச்சினியின் ‘நியோபே’யிலிருந்து. யார் வென்றார்? சீமாட்டி இருவரையும் உயர்த்திப் பேசி நழுவிவிட்டார். பரிசளிப்பு விழா நடத்துகிற நம் தலைமையாசிரியருக்கு அந்தக் கலை பயன்படும்.

அந்த விழாவுக்கென்று அவர் ஆறு பேரைச் சேர்த்து ஒரு பாட்டும் எழுதச் சொன்னார். பெல்லினியின் ஓபராவில் வருகிற ஒரே அணிவகுப்பு மெட்டை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றி எழுத வேண்டும். ஆறு பேரும் நேரத்துக்கு முடித்துக் கொடுக்கவில்லை. மாணவர்களே, வீட்டுப்பாடம் தாமதமாகிறது உங்களிடம் தொடங்கியது இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் ஷோப்பான். அவருடைய சிலை நம் பூமலையில், சிம்ஃபனி ஏரியருகே, 2008 முதல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் பாருங்கள்.

இந்த வகையில் எல்லாமே மாணிக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய வெறும் கிலுகிலுப்பை. மெட்டை எடு, மாலை போடு, கைதட்டல் வாங்கு, அவ்வளவுதான். லிஸ்டே மாயர்பீரின் ஓபராவிலிருந்து 1865 வாக்கில் ஓர் ‘இந்திய அணிவகுப்பு’ எழுதியிருக்கிறார். எத்தனை முறை கேட்டும் அந்த இந்தியாவைச் சிராங்கூன் சாலையில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, இந்த வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் நினைக்கிறார். முகத்தில் தெரிகிறது. ஐயா, நம் வீட்டுக்கு வருகிறேன்.

என் தந்தையார் துறைமுகத்தில் கிராணி. நாங்கள் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தோம். அப்பா சிறுவயதில் ஊரில் ஒரு நாடகக் குழுவின் ஆர்மோனியக்காரரிடம் எடுபிடியாக இருந்து வாசிக்கப் பழகியவர். கப்பலேறும்போது பெட்டி ஒன்றையும் கொண்டு வந்தார். சாயங்காலம் கீழே அஞ்சடியில் பாயைப் போட்டு உட்கார்ந்தால், ‘வள்ளி திருமணம்’ முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வரும். வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவது, வேடன் வருவது, கிழவர் தள்ளாடி வருவது, யானை பிளிறுவது, எல்லாம். பாடுவதற்கு ஆள் கிடையாது. வலக்கை வள்ளி, இடக்கை துருத்தி. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுகளும் வரும். 1933-இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்துபோன கிட்டப்பாவை அப்பா நேரில் பார்த்ததில்லை. இசைத்தட்டில் கேட்டதுதான். அஞ்சடியில் நின்று கேட்டவர்களில் பலர் இசைத்தட்டும் கேட்காதவர்கள். அவர்களுக்குக் கிட்டப்பா என்றால் அப்பாவின் பெட்டிதான்.

பியானோவுக்கு இருக்கிற குறைக்கு நேர்மாறான குறை ஆர்மோனியத்துக்கு. இதற்கு மூச்சு உண்டு, துருத்தி இருக்கிறவரை சுரம் நிற்கும். ஆனால் வழுக்க முடியாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கமகம் இல்லாமல் நம் பாட்டு எது? இந்தக் காரணத்தையும் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே தடை செய்தது. அப்பா என்ன செய்வார் தெரியுமா? பக்கத்துக் கட்டையை ஒரு நொடி உரசிவிட்டுச் சுரத்துக்கு வருவார். வந்த கணத்தில் துருத்தியை லேசாக இளக்கி மறுபடி அழுத்துவார். காது ஏமாந்துவிடும். குரல் வழுக்கியது போலவே இருக்கும். தால்பெர்க்கின் கட்டை விரலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாயனக்காரர்கள் கதையும் உங்களுக்குத் தெரியும். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. அதில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் ஒன்றையொன்று துரத்தும். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் நாயனக்காரரை அந்தப் பாட்டுக் கேட்காமல் விட்டார்கள்? வாசித்தவர் பாடகிக்கும் சேர்த்துத்தான் ஊத வேண்டியிருந்தது.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சுகமான விஷயமில்லை. பிள்ளைகள் இருக்கிற சபை என்பதால்தான் சொல்கிறேன்.

ஆங்கிலப் பள்ளியில் எனக்கு ஓர் ஆசிரியை காசு வாங்காமல் பியானோ சொல்லிக் கொடுத்தார். 1971-இல், எனக்குப் பதின்மூன்று வயதில், ஒரு போட்டிக்குப் போனேன். ஒரு பாட்டு அவர்கள் கொடுத்தது. இன்னொன்று நம் விருப்பம். விருப்பப் பாட்டுக்கு அப்பாவின் வள்ளியைப் பியானோவுக்கு மாற்றி வைத்திருந்தேன். ஆலோலத்தை நடுவில் வைத்து, மேலே குருவிகளைப் பறக்கவிட்டேன். ஒரு மாதம் உழைத்தது. பாதியில் மணியடித்து நிறுத்தச் சொன்னார்கள். இது யாரோ பாடிய பாட்டு, இதில் நீ எழுதியது என்ன, தெருவில் வாசிக்க வேண்டியதைக் கூடத்தில் வாசிக்கக் கூடாது என்றார் நடுவர். சபையில் கொஞ்சம் சிரிப்பு. முதல் பாட்டுக்கு வந்த மதிப்பெண்ணும் சேர்ந்து போயிற்று.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா அஞ்சடியில் வாசித்துக் கொண்டிருந்தார். சுற்றி அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர். “என்னடா தம்பி, பரிசு எங்கே?” என்று கேட்டார். அந்த நடுவரிடம் சொல்ல முடியாததை நான் அப்பாவிடம் சொன்னேன். “இது சங்கீதமே இல்லப்பா. அடுத்தவன் பாட்டு. உங்களாலதான் எனக்கு அவமானம்” என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. துருத்தியை மடக்கிக் கொக்கியைப் போட்டார். மேலே துண்டை விரித்தார். மறுநாள் பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. வானொலியின் தடை தளர்ந்ததும் அதே 1971-இல்தான் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். டில்லியில் திறந்தார்கள், எங்கள் வீட்டில் நான் மூடினேன்.

பதின்மூன்று வருடம் அந்தப் பெட்டி இறங்கவில்லை. டன்லப் ஸ்திரீட்டை விட்டுத் தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோதும் துண்டோடுதான் வந்தது.

1984-இல் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியன். விக்டோரியா இசையரங்கத்தில் ஒரு பியானோக் கச்சேரி. என்னுடன் வரவேண்டிய நண்பருக்குக் காய்ச்சல். சீட்டு வீணாகிறதே என்றுதான் அப்பாவைக் கூப்பிட்டேன். வேறு நல்ல காரணம் சொல்ல ஆசைதான், ஆனால் அதுதான் உண்மை. அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். “நம்ம ஆளுங்க அங்கல்லாம் போவாங்களா?” என்று கேட்டார். பால் அபிஷேகநாதன் 1950-லேயே இங்கே மேற்கத்திய இசைக்குழு அமைத்து நடத்தியவர் என்று சொன்னேன். அவருக்கும் அவர் தம்பி கிட்டார் கலைஞர் அலெக்சுக்கும் நாட்டின் கலாசாரப் பதக்கம் கிடைத்தது அதற்குப் பிறகு, 1986-லும் 1988-லும்.

அன்றைய நிகழ்ச்சியில் கடைசி உருப்படி ‘நோர்மாவின் நினைவுகள்’. பஸ்ஸில் போகும்போது கதையைச் சொன்னேன். நோர்மா ஒரு கோயில் பூசாரிப் பெண். திருமணம் கூடாது. அவளோ எதிரி நாட்டுத் தளபதியோடு ரகசியமாக வாழ்ந்து இரண்டு பிள்ளைகள். அவன் இன்னொருத்தியை நாடுகிறான். கடைசியில் ஊரார் முன்னால் தன் குற்றத்தைத் தானே சொல்லிவிட்டுத் தீக்குப் போகிறாள். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: “பிள்ளைங்கள யாரு பாத்துக்கிறது?”

அந்த ஓபராவில் உலகப் புகழ் பெற்ற பாட்டு ஒன்று உண்டு. நிலாவைப் பார்த்து நோர்மா பாடுகிற பிரார்த்தனை. 1831-இல் மேடையேறிய நாளிலிருந்து பாடகிகள் உயிரைக் கொடுத்துப் பாடுவது அதைத்தான். லிஸ்ட் அதைத் தொடவேயில்லை. கைதட்டல் மட்டும் வேண்டுகிறவன் அதை விடுவானா? அவர் ஊர் மக்களின் முழக்கத்தில் தொடங்குகிறார். நேரே கடைசிக் காட்சிக்குப் போய்விடுகிறார். நோர்மா தன் தந்தையின் காலில் விழுந்து, என் பிள்ளைகளைப் பலியிடாதீர்கள், நீங்கள் வளருங்கள் என்று கெஞ்சுகிற இடம். தந்தைதான் அங்கே தலைமைப் பூசாரி. கடைசியில் அவர் அழுதுவிடுகிறார்.

அடியில் முரசுபோல ஒரு சுரம் இடித்துக்கொண்டே இருக்கிறது. மேலே அலை ஏறி ஏறி இறங்குகிறது. நடுவில், கட்டை விரல்களில், அந்தப் பெண் பாடுகிறாள். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மேலே ஓடுகிற விரல்களை அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் என் முழங்கையைப் பிடித்து, மெதுவாகத்தான், ஆனால் முன்வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார்: “இந்த எடத்துல அவ மூச்சு வாங்குறா. கேட்டியா?”

நான் கேட்டிருக்கவில்லை. அந்த உருப்படியின் தாள்களை நான் படித்திருந்தேன். எங்கே எந்த விரல் என்று தெரியும். பாடுகிறவள் மூச்சு வாங்க அங்கே இடம் விட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அது அடுத்தவன் பாட்டை வாசித்துப் பழகினவனுக்குத்தான் கேட்கும்.

திரும்பி வரும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பதின்மூன்று வருடத்துப் பாக்கி. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அந்த ஆளு நல்லா நாடகம் பாத்திருக்கான்” என்றார். லிஸ்டைச் சொன்னார். பேச்சு அதோடு நின்றது.

மறு வாரம் வேலையிலிருந்து வந்தால் பெட்டி தரையில் இருக்கிறது. துருத்தித் தோலைக் கரப்பான் தின்றிருந்தது. அப்பா பழைய செருப்புத் தோலும் கோந்தும் வைத்துத் தானே ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டை எழும்பவில்லை. எழும்பின கட்டைகளில், ஒரே ஒரு முறை கேட்ட அந்த மெட்டைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தபின் அதை அப்படியே விட்டாரா என்றால் இல்லை. பக்கத்துக் கட்டையை உரசி, துருத்தியை இளக்கி, நோர்மாவைக் கொஞ்சம் வள்ளியின் தங்கையாக்கிவிட்டார். மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் ஒரு சுரமும் சேர்க்கவில்லை. துருத்தியையே நிறுத்திவிட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் நடைபாதையில் போகிறவர் நின்று கேட்டார். முடிந்ததும், “பாட்டு நல்லா இருக்கே மாமா, எந்தப் படம்?” என்றார்.

“நோர்மா” என்றார் அப்பா.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தேக்காவுல இன்னும் கேசட் வரலையே” என்றார்.